காபிக்கு முன்னால்

செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் அம்மா எழுந்ததும் காபி கேட்பதில்லை. வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தையல் மெஷின் மேல் நிறுத்திவைத்த கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். பக்கத்தில் ஒரு ஸ்டீல் தட்டு. அதில் வெதுவெதுப்பான தண்ணீர், பழைய காடாத் துணியை வெட்டிய துண்டுகள், விரல் தடிமனுக்குச் சுருட்டிய காஸ் துணி நாலு, முந்தின ராத்திரியே ஓட்டை வெட்டி வைத்த பிளேட் (வயிற்றுத் தோலில் ஒட்டுகிற பசைத் தகடு, பை இதில்தான் மாட்டும்), புதுப் பை, குப்பைக்கு ஒரு கவர். எல்லாம் கைக்கு எட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பழைய பிளேட்டைத் தொடுவார்.

காபி குடிக்காததற்கு விரதம் காரணம் இல்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த உடம்பில் விடிகாலையில்தான் சிறுநீர் குறைவாக ஊறும். ஒரு டம்ளர் காபி உள்ளே போய்விட்டால், தோலைத் துடைத்து உலர்த்துவதற்குள் மறுபடி சொட்டும். ஐம்பது வருஷமாகக் காபியில் கண் விழித்தவருக்கு இந்த இரண்டு காலையும் லேசான காரியம் இல்லை.

அம்மாவுக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. 2024 ஜூனில், புதுச்சேரியில், புற்றுநோய்க்காக அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வயிற்றின் வலது பக்கம், தொப்புளுக்குக் கீழே, உதட்டின் உள்பக்கச் சிவப்பில் ஒரு குடல் முனை வெளியே தெரியும். அதைத்தான் ஸ்டோமா என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொத்தான். அம்மா வைத்த பெயர். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பத்தைந்து வருஷம் ரவிக்கை தைத்த கை.

அந்த ஜூன் மாசம் ராத்திரிகளில் நான் தமிழில் தேடித் தேடிப் பார்த்தேன். நோயைப் பற்றிக் கிடைத்தது, அறுவை சிகிச்சை பற்றிக் கிடைத்தது. வீட்டுக்கு வந்தபிறகு ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை நனைந்தால் என்ன செய்வது என்று எங்கேயும் கிடைக்கவில்லை. இன்னொரு மகளோ மகனோ அதே இரண்டு மணிக்குத் தேடக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் ரத்தம் 2023 ஐப்பசியில் வந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. பக்கத்து கிளினிக்கில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். நின்றது. மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை. மூன்றாவது தடவை கர்ப்பப்பைப் பிரச்சினையாக இருக்கும் என்று வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். மாதவிடாய் நின்று பன்னிரண்டு வருஷம் ஆன பெண்மணிக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால் சிறுநீர்ப்பையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க ஏன் மூன்று மாசம் ஆக வேண்டும்? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று நாலு மடங்கு அதிகமாக வருகிறது. புகைதான் பெரிய காரணம். அதனாலேயே புகைக்காத ஒரு பெண் ரத்தம் என்று சொன்னால் சட்டென்று யாருக்கும் அந்த நினைப்பு வருவதில்லை. இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு தடவை வந்து நின்றுபோயிருந்தாலும் யூராலஜி டாக்டரைப் பாருங்கள்.

ஜனவரியில் கேமரா விட்டுப் பார்த்து, சதை எடுத்து, பயாப்ஸி வந்தபோது நோய் தசை வரைக்கும் இறங்கியிருந்தது. கீமோ முடித்து, உடம்பு தேறி, அறுவைக்கு ஜூன் ஆகிவிட்டது.

சிறுநீர்ப்பையை எடுத்தபிறகு சிறுநீர் எங்கே போகும்? டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மூன்று வழி. ஒன்று, குடலை வெட்டித் தைத்து உள்ளேயே புதுப்பை மாதிரி செய்து பழைய வழியிலேயே விடுவது. இரண்டாவது, குடலால் வயிற்றுக்குள் ஒரு பை செய்து, வயிற்றில் சின்னத் துளை வைத்து, நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதில் குழாய் விட்டு நாமே வடிப்பது. வெளியே பை தொங்காது. ஆனால் ஒரு தடவையும் மறக்கக் கூடாது, உள்ளே கோழை சேராமல் உப்புநீர் விட்டுக் கழுவவும் வேண்டும். மூன்றாவது, சிறுகுடலில் பதினைந்து இருபது சென்டிமீட்டர் துண்டை ரத்த ஓட்டத்தோடு பிரித்து, சிறுநீரகக் குழாய் இரண்டையும் அதில் தைத்து, அதன் ஒரு முனையை வயிற்றின் வெளியே கொண்டுவருவது. அது தேக்கி வைக்காது. ஒரு மதகு மாதிரி. வருவது வரவர வெளியே பையில் விழும். யூஜின் பிரிக்கர் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1950இல் எழுதிப் பரவலாக்கிய முறை. அதற்கு முன்னால் சிறுநீர்க் குழாய்களைப் பெருங்குடலில் விட்டுவிடுவார்கள். மலமும் சிறுநீரும் ஒன்றாகக் கலந்து சிறுநீரகத்தில் திரும்பத் திரும்பத் தொற்று வரும்.

அம்மாவின் வயசையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் அளவையும் பார்த்து மூன்றாவதுதான் சரி என்றார் டாக்டர். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நானே பாத்துக்கற மாதிரி எது இருக்கும்?"

அறுவைக்கு முந்தின நாள் ஒரு சிஸ்டர் பேனாவோடு வந்து வயிற்றில் புள்ளி வைத்தார். உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். எங்கே மடிப்பு விழுகிறது என்று பார்ப்பதற்காக. மடிப்பில் ஸ்டோமா வந்தால் பிளேட் நிற்காது. நைட்டியில் இருந்த அம்மா, இருங்க சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாவாடையும் புடவையும் கட்டிக்கொண்டு வந்தார். "நாடா இங்க வரும். கொசுவம் இங்க சொருகுவேன். நாடாவுக்குக் கீழ வைக்க முடியுமா பாருங்க." சிஸ்டர் முதலில் வைத்த புள்ளியை அழித்துவிட்டு இரண்டு விரல் கீழே வைத்தார். மறுநாள் டாக்டரும் அந்தப் புள்ளியிலேயே வைத்துக்கொடுத்தார். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை நடக்கப் போகிறது என்றால், அவர்கள் தினமும் உடுத்தும் உடுப்பிலேயே அந்தப் புள்ளியை வைக்கச் சொல்லுங்கள். வேட்டி, லுங்கி, பேண்ட் பெல்ட், எதுவானாலும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் பொத்தானிலிருந்து மெல்லிய குழாய் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டென்ட். தையல் ஆறும்வரை சிறுநீரகக் குழாய்களைத் திறந்து வைப்பதற்காக. இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். பையில் வெள்ளையாக நூல்நூலாக மிதந்ததைப் பார்த்து நான் சீழ் என்று பயந்தேன். அது குடல் கோழை. குடல் எங்கே இருந்தாலும் கோழை சுரக்கும், அது அதன் இயல்பு. பொத்தான் லேசாக அசைந்ததைப் பார்த்து அம்மா பயந்தார். "பாப்பா, உசிரு இருக்கற மாதிரி அசையுதுடி." அதுவும் குடலின் இயல்புதான். துடைக்கும்போது ஒரு பொட்டு ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஈறில் வருகிற மாதிரி. தொட்டாலும் வலிக்காது. நிறம் மட்டும் மாறக் கூடாது. நீலமோ கறுப்போ ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஒழுகல்தான் எங்களை உடைத்தது.

நாலு நாள் நிற்க வேண்டிய பிளேட் ஒரு நாள்கூட நிற்கவில்லை. சில நாள் இரண்டு தடவை மாற்றினோம். ஒரு செட்டுக்குச் சில நூறு ரூபாய் என்பது ஒரு பக்கம். அம்மா நனைந்த புடவையோடு எழுந்து நின்று, குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்க்காமல் இருந்தது இன்னொரு பக்கம். மூன்றாம் வாரம் ஒன்று கவனித்தேன். சொம்பில் வைத்த தண்ணீர் அப்படியே இருக்கிறது. "தண்ணி குடிச்சாத்தானே ஒழுகும்?" என்றார். இதைவிடத் தப்பான வைத்தியம் கிடையாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி நாற்றமும் எரிச்சலும் கூடும், தொற்று வரும், சிறுநீரகம் கெடும். டாக்டர் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கச் சொல்லியிருந்தார். (இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.)

நாங்கள் செய்த தப்புகளைச் சொல்கிறேன். ஒழுகும் இடத்தில் பிளேட் ஓரமாகப் பிளாஸ்திரி ஒட்டினேன். வெளியே ஒழுகவில்லை, உள்ளேயே தேங்கித் தோலை வேகவைத்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் அம்மாவின் வயிறு தீக்காயம் மாதிரி சிவந்திருந்தது. ஒழுக ஆரம்பித்தால் ஒட்டுப் போடக் கூடாது, கழற்றி மாற்றிவிட வேண்டும். நள்ளிரவானாலும் சரி. சிவந்த தோலைப் பார்த்த எதிர்வீட்டு அத்தை நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்தார். அன்போடு கொண்டுவந்தது, பூசினோம். அடுத்த பிளேட் பத்து நிமிஷத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. எண்ணெய், பவுடர், கிரீம், வாசனை சோப்பு, குழந்தைகளுக்குத் துடைக்கிற ஈரத்தாள் எதுவும் அந்த இடத்தில் ஆகாது. வெறும் வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு மாதிரி ஒற்றியெடுக்கிற துணி, அப்புறம் விசிறிக் காற்று. தோல் காகிதம் மாதிரி உலர்ந்தால்தான் பிளேட் பிடிக்கும். அதுவரைக்கும் பொத்தானின் வாயில் சுருட்டிய காஸ் துணியை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வருவதை அது உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரு மருந்துக் கடையில் அவசரத்துக்குப் பை கேட்டபோது, அடியில் கிளிப் போடுகிற பையைக் கொடுத்துவிட்டார்கள். அது மலம் வருகிற ஸ்டோமாவுக்கு. சிறுநீர்ப் பைக்கு அடியில் குழாய் மாதிரித் திருகு இருக்கும், உள்ளே போன சிறுநீர் மேலே ஏறாமல் தடுக்கிற அமைப்பும் இருக்கும். வாங்கும்போதே பிரித்துப் பாருங்கள்.

இவ்வளவையும் திருத்திக்கொண்ட பிறகும் ஒழுகியது. ஆடி பிறந்திருந்தது. ஒரு மத்தியானம் கழற்றின பிளேட்டைக் குப்பைக் கவரில் போடப் போனேன். "குடு இங்க" என்று வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அதன் பின்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அம்மா. ரவிக்கையைப் பிரிக்கும்போது வியர்வைக் கறையைப் பார்த்து, எங்கே பிடிக்கிறது, எங்கே தளர்கிறது என்று கண்டுபிடிப்பாரே, அதே பார்வை. பிளேட்டின் பசை ஓட்டையைச் சுற்றி ஒரு வளையம் முழுக்கக் கரைந்திருந்தது. அதுவும் கீழ்ப்பக்கம், ஒரு கோடு ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது.

"இதோட அளவு என்ன வச்சு வெட்டற?"

"முப்பத்தெட்டு. அங்க குடுத்த அட்டை."

"எப்ப குடுத்தது?"

"டிஸ்சார்ஜ் அன்னிக்கு."

"வைகாசில குடுத்த அளவு ரவிக்கைய வச்சு ஆவணில தச்சா உடம்புல நிக்குமாடி? பொத்தானப் பாரு, சுருங்கிப் போச்சு."

உண்மைதான். அறுவை முடிந்த புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு எட்டு வாரத்தில் வற்றிச் சுருங்கும். அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அளக்க வேண்டும். ஓட்டை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பெரிசாக இருக்கலாம். அதற்கு மேல் தோல் தெரிந்தால் அந்தத் தோலில் சிறுநீர் நிற்கும், அங்கிருந்து பசைக்குக் கீழே ஊறும். சின்னதாக வெட்டினாலும் தப்பு, பொத்தானை அறுக்கும். நான் ஒரு மாசமாகத் தோல் தெரிகிற மாதிரியே வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தன் அளவு நாடாவை எடுக்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வட்டங்களை ஒவ்வொன்றாக வெட்டி, பொத்தானுக்கு மேல் வைத்துப் பார்த்து, சரியாக உட்காரும் வட்டத்தைக் கண்டுபிடித்தார். ஸ்கேலில் வைத்தோம், 30. நாங்கள் எட்டு மில்லிமீட்டர் பெரிசாக வெட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கீழ்ப்பக்கக் கோட்டுக்கும் காரணத்தை அவரே கண்டுபிடித்தார். ஒட்டும்போது படுத்துக்கொண்டிருந்தார், அப்போது வயிறு தட்டை. உட்கார்ந்தால் பொத்தானுக்குக் கீழே ஒரு சின்ன மடிப்பு விழுகிறது. அந்தப் பள்ளத்தில் ஸ்டோமா பேஸ்டை ஒரு கோடு வைத்து நிரவியபிறகு ஒட்ட வேண்டும். அன்று முதல் உட்கார்ந்துதான் ஒட்டுகிறோம். ஒட்டியபிறகு உள்ளங்கையை அதன் மேல் ஒரு நிமிஷத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். உடம்புச் சூட்டில் பசை இளகித் தோலோடு படியும். கத்தரித்த ஓரத்தை விரலால் தேய்த்துக் கூர் போக்கியபிறகு ஒட்டுவது அம்மாவின் சொந்த வழக்கம். துணி ஓரத்தை மடித்துத் தைக்கிற மாதிரி.

அந்த பிளேட் நாலு நாள் நின்றது. நாலாம் நாள் காலை நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்குக் கத்தரியை அம்மா வாங்கினார், திருப்பித் தரவில்லை. அதுவரைக்கும் அவர் படுத்திருப்பார், நான் செய்வேன், அவர் கூரையைப் பார்ப்பார். ஒரு மாசமாக நான் நல்ல பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் செய்ததில், அது அவருடைய வயிறு என்பதை அவரே மறந்துபோயிருந்தார். நானும் மறந்துபோனேன்.

இந்த வேலைக்கென்று ஒரு தனி நர்ஸ் படிப்பே இருக்கிறது. அது தொடங்கிய கதையைப் படித்தபோது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அமெரிக்காவில் கிளீவ்லேண்டில் ரூபர்ட் டர்ன்புல் என்று ஒரு அறுவை நிபுணர். 1958இல் நார்மா கில் என்ற பெண்மணியை இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்த்துக்கொண்டார். நார்மா கில் நர்ஸ் இல்லை. அவரே குடலில் ஸ்டோமா வைத்தவர், தன் உடம்பில் கற்றதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தோலில் ஒட்டுகிற பையை முதலில் யோசித்தவர் எலிஸ் சோரன்சன் என்ற டென்மார்க் நர்ஸ். 1954. கூடப் பிறந்தவளுக்கு ஸ்டோமா வைத்தபிறகு, ஒழுகிவிடுமோ என்று அவள் வெளியே போவதையே நிறுத்திவிட்டதைப் பார்த்துத் தாங்காமல் யோசித்தது. இன்னொன்றும் சொன்னேன். இன்றைய பசை வருவதற்கு முன்னால், தோலைக் காக்க டர்ன்புல் பயன்படுத்தியது கராயா கோந்து. நம் நாட்டுக் காடுகளில் ஒரு மரத்தில் வடிகிற பிசின். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூடப் பொறந்தவ வெளிய போவலன்னுதானே செஞ்சா" என்றார்.

ராத்திரிக்கு வேறு ஏற்பாடு. பகல் பை மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி நிறைந்ததும் திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். நிறைய விட்டால் பாரத்தில் பிளேட்டை இழுத்துவிடும். அப்படி என்றால் ராத்திரியில் மூன்று தடவையாவது எழ வேண்டும். அதனால் இரண்டு லிட்டர் யூரோ பேக்கைக் குழாயால் இணைத்துவிடுகிறோம். அம்மா பிறந்ததிலிருந்து பாயில் படுத்தவர். தரையில் படுத்தால் பை உடம்பை விடத் தாழ்வாக இருக்க வழியில்லை, சிறுநீர் இறங்காது. தம்பி இரும்புக் கட்டில் வாங்கி அனுப்பினான். பையைக் கட்டிலில் மாட்டி, அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசினும் வைக்கிறோம், கை தவறிக் கழன்றாலும் தரை நனையாது. இணைப்பதற்கு முன்னால் பகல் பையில் கொஞ்சம் சிறுநீரை விட்டுவைக்க வேண்டும். காலியாக இருந்தால் காற்று அடைத்துப் பை ஒட்டிக்கொண்டு வடியாது. குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தொடையோடு துணிப் பட்டையால் தளர்வாகக் கட்டுகிறோம். காலையில் அந்தப் பையை வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து கழுவி நிழலில் தொங்கவிடுவது அம்மா வேலை.

கடலூர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்கழியில் நாலு நாள் நிற்கிற பிளேட் கத்திரி வெயிலில் மூன்று நாள்தான். வியர்வையில் பசை சீக்கிரம் கரைகிறது. பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், இளகிப் பயனில்லாமல் போகும். பையின் பிளாஸ்டிக் தொடையில் ஒட்டிக் கசகசக்கிறது என்று அம்மா மல் துணியில் அதற்கு உறை தைத்துக்கொண்டார். பாவாடைக்கு நாடாவை எடுத்துவிட்டு அகலப் பட்டியும் கொக்கியும் வைத்தார். வலது பக்கத் தையலில் ஒரு சாண் திறப்பு விட்டார், பஸ் ஸ்டாண்டில் புடவையைத் தூக்கிக் கட்டாமலே திருகை வெளியே எடுத்துவிடலாம். பாண்டிச்சேரிக்குச் செக்கப் போகிற நாளில் கடலூரில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை. நடுவில் கவலை இல்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் அங்கே 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. "தானேல காத்து. இதுல தண்ணி" என்றார் அம்மா, 2011இல் வந்த தானே புயலை நினைத்துக்கொண்டு. கரண்ட் போய்விட்டது. அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரில் கரையோர ஊர்களில் புகுந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவுதான். ஆனால் நான் வைத்திருந்தது இரண்டே பிளேட், ஒரு பை. கூரியர் வராது, பாண்டி போக வழி இல்லை. குழாயில் வந்த தண்ணீர் செம்மண் நிறம். கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற வைத்து, டார்ச் வெளிச்சத்தில் அம்மா மாற்றினார். நான் டார்ச்சைப் பிடித்தேன், அவ்வளவுதான் என் பங்கு. இரண்டாவது பிளேட்டை எடுக்க வேண்டி வருவதற்குள் மழை விட்டு வழி திறந்தது. அதிலிருந்து வீட்டில் ஒரு மாசத்துக்கான சாமான் இருக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையும் தொங்கும். வெட்டிய பிளேட் இரண்டு, பை இரண்டு, காஸ், துண்டு, டார்ச், கத்தரி, மாற்றுப் பாவாடை, டிஸ்சார்ஜ் காகிதத்தின் ஜெராக்ஸ். ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கரையில் வாழ்கிறவர்கள் இதைச் செய்துவைக்காமல் இருக்கக் கூடாது.

தையில் அம்மாவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. விலாவுக்குப் பின்னால் வலி. லேபில் பையிலிருந்தே சிறுநீரைப் பிடித்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் போட்டார்கள். நாலு விதக் கிருமி என்று வந்தது. டாக்டர் அதைத் தள்ளிவைத்துவிட்டார். பையில் தேங்கியதில் என்னென்னவோ வளரும். பையைக் கழற்றி, பொத்தானைத் துடைத்து, அதற்குள் மெல்லிய குழாய் விட்டு எடுத்தால்தான் அது சோதனை. அப்படி எடுத்தபோது ஒரே கிருமி, அதற்கான மருந்தில் மூன்று நாளில் ஜுரம் விட்டது. இந்த அறுவை செய்தவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம், ஜுரமோ வலியோ இல்லாமல் அதற்கு மாத்திரை தேவையில்லை என்றும் சொன்னார். சிறுநீர் கலங்கலாக இருப்பது மட்டுமே தொற்று ஆகாது, கோழையாக இருக்கும். ஆனால் குளிர் ஜுரமோ முதுகுப் பக்க வலியோ வந்தாலும், சிறுநீர் வருவது நின்றுபோனாலும் ஒரு மணி நேரம்கூட வீட்டில் காத்திருக்க வேண்டாம். மற்றபடி கிரியேட்டினின், உப்புச் சத்துகள், ஸ்கேன் எல்லாம் குறித்த நாளில். குடலில் கொஞ்சம் எடுத்ததால் பி12ம் வருஷத்துக்கு ஒரு தடவை. குடம் தூக்கக் கூடாது, ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வரும்.

இதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தவை. அம்மாவுக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. அறுவைக்குப் பிறகு அவர் விளக்கேற்றவில்லை. என்னைத்தான் ஏற்றச் சொல்வார். தள்ளி நின்று கும்பிடுவார். பாடலீசுவரர் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து பிரதோஷம் தவறாதவர், எட்டு மாசம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. கேட்டால் முட்டி வலி என்பார். மாசியில் செக்கப்புக்குப் போனபோது, எழுந்து வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து டாக்டரிடம் கேட்டார். "சார், இதோட கோயிலுக்குப் போலாமா? மூத்திரத்த வச்சிக்கிட்டு."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "அம்மா, கோயிலுக்கு வர்ற எல்லாருமே அதை வச்சிக்கிட்டுத்தாம்மா வர்றாங்க. அவங்களுக்கு உள்ள இருக்கு, உங்களுக்கு வெளிய இருக்கு. போயிட்டு வாங்க."

பஸ்ஸில் அம்மா பேசவே இல்லை. இறங்கும்போது, "சரியாத்தான் சொல்றாரு" என்றார். அந்தப் பிரதோஷத்துக்குப் பையைக் காலி செய்துவிட்டு, புது உறை போட்டு, மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு போனார். நந்திக்குப் பக்கத்தில் நெரிசலில் யாராவது இடித்துவிடப் போகிறார்கள் என்று நான் வலது பக்கமே நின்றேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனார். வைகாசித் தேருக்கும் போனார்.

நான் இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். செவ்வாயும் சனியும் காலை ஆறேகாலுக்கு போன் வரும். எடுத்ததும் முதலில் கேட்பது ஒரு உறிஞ்சல் சத்தம், சூடான காபி.

"ஆச்சு பாப்பா. இன்னிக்கும் முப்பதுதான்."